குதித்தால் நோகும் முழங்கால்

கேள்வி: மகனுக்கு 13 வயது. பாடசாலைக் கரப்பந்தாட்ட அணியில் இருக்கிறான். முழங்காலுக்குக் கீழே புடைத்திருக்கிறது. பாய்ந்தால் நோகுது என்கிறான். விளையாட்டை நிறுத்தவா?
– ஒரு தாய், கல்லடி

பதில்: நிறுத்தத் தேவையில்லை, அம்மா. முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள மேட்டை அழுத்தினால் சுள்ளென்று வலிக்கிறதா? அப்படியானால், 1903இல் விவரிக்கப்பட்ட ‘ஒஸ்கூட்–ஸ்லாட்டர்’ என்ற முழங்கால் நோயாக இருக்கலாம். வளரும் வயதில் அவ்விடத்து எலும்பு முற்றியிருக்காது. பாயும்போதெல்லாம் தொடைத்தசை அதை இழுக்கிறது. வளர்ச்சி முடிய, பெரும்பாலும் தானே அடங்கும்.

சில வாரம் பாய்ந்து அடிப்பதைக் குறைத்து, சேர்விஸ் பழகட்டும். விளையாடியபின் துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வையுங்கள். காய்ந்து இறுகிய தரையைவிட மணல் இதம். இரு கால்களையும் ஊன்றி, முழங்காலை மடித்து இறங்கப் பழக்குங்கள்.

முழங்கால் வீங்கினாலோ, பூட்டிக்கொண்டாலோ, நொண்டினாலோ, இரவு வலியில் விழித்தாலோ தாமதிக்காமல் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் காட்டுங்கள்.