கார் டயர் மாற்றப் போகிறீர்களா? விலையோடு இவற்றையும் பாருங்கள்

பெரம்பலூர் மாவட்டம் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் தொழிற்சாலையே இயங்குகிறது. ஆனாலும் "எந்த டயர் போடலாம்?" என்று கேட்டால், "எது விலை கம்மியோ அதைப் போடுங்க" என்றுதான் பலரும் சொல்கிறார்கள். விலை குறைந்த டயர் எல்லாம் லாபமான டயர் ஆகாது. குடும்பத்தின் உயிரும் அதில்தான் ஓடுகிறது.

எப்போது மாற்றுவது?
பட்டன்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் சிறு மேடுகள் இருக்கும். பட்டன் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் மீதி ஆழம் 1.6 மி.மீ. மட்டுமே. மோட்டார் வாகன விதிப்படி கார் டயருக்கு அதுவே எல்லை. "இன்னும் ஆறு மாசம் ஓடும்" என்று தள்ளிப்போட்டால் மழையில் வண்டி வழுக்கும்.

டயரில் என்ன எழுதியிருக்கிறது?
உதாரணம்: 185/65 ஆர்15 88எச். அகலம் 185 மி.மீ.; பக்கவாட்டு உயரம் அதில் 65 சதவீதம்; ரிம் 15 அங்குலம். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை தாங்கும். உங்கள் காருக்குச் சொல்லப்பட்ட அளவையே வாங்குங்கள். எடையும் வேகமும் குறையவே கூடாது.

அருகிலுள்ள நான்கு இலக்க எண், தயாரித்த வாரமும் ஆண்டும். 2225 என்றால் 2025-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரம். தள்ளுபடி என்று பழைய ஸ்டாக்கைத் தருகிறார்களா என்று இதில் தெரிந்துவிடும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அவசியம். தேய்ந்த டயரில் பள்ளம் வெட்டி விற்பதை வாங்கவே வாங்காதீர்கள்.

நம்ம ஊர் ரோடு
அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல், சிமெண்ட் லாரிகள் ஓடும் சாலைகளில் சிதறிய கல் டயரின் பக்கவாட்டைக் கிழிக்கலாம். அங்கே விழுந்த வெட்டுக்குப் பஞ்சர் ஒட்டி ஓட்டுவது ஆபத்து. பெரம்பலூர் வழியான திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில், கோடை வெயிலில் காற்று குறைந்த டயர் சூடேறி வெடிக்கலாம். டிரைவர் கதவருகே ஒட்டியுள்ள அளவுப்படி, டயர் சூடாகும் முன் காற்றைச் சரிபாருங்கள். இரண்டு டயர் மட்டும் மாற்றினால் புதியவற்றைப் பின்னால் போடுங்கள்.

எது லாபம்?
உதாரணத்துக்கு, ரூ.3,000 டயர் 20,000 கி.மீ. ஓடினால் கிலோமீட்டருக்கு 15 பைசா. ரூ.4,000 டயர் 40,000 கி.மீ. ஓடினால் 10 பைசாதான்.

பில் முக்கியம்
22.9.2025 முதல் கார் டயருக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துள்ளது. பில்லில் டயரின் வரிசை எண்ணையும் எழுதி வாங்குங்கள். வாரண்டி அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். குறை இருந்தால் முதலில் கடையில் எழுத்துமூலம் சொல்லுங்கள். தீரவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை.