தீவனப்புல்லுக்கு யூரியா: மழை தொடங்கியதும் செய்ய வேண்டியவை

தென்மேற்குப் பருவமழை தெலங்கானாவில் இறங்கிவிட்டது. ஹைதராபாத்தைச் சுற்றிப் பால்மாடு வைத்திருப்பவர்கள் தீவன நிலத்துக்கு மேலுரம் இடும் காலம் இது. யூரியா மலிவு என்று அள்ளி இறைத்தால் உரமும் வீண், மாட்டுக்கும் கேடு.

எவ்வளவு?
யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. 45 கிலோ மூட்டையில் ஏறத்தாழ 20 கிலோ இருக்கும். கம்பு நேப்பியர் வகைகளான கோ-4, ஏபிபிஎன்-1 ஆகியவற்றுக்கு ஒவ்வோர் அறுப்புக்குப் பிறகும் ஏக்கருக்கு ஒரு மூட்டை போதும். தொழுவுரம் தாராளமாகப் போட்டிருந்தால் அதிலும் குறையுங்கள். காராமணி, வேலிமசால் போன்ற பயறுவகைத் தீவனங்களுக்கு யூரியா மேலுரம் தேவையில்லை. அவற்றின் வேர் முடிச்சுகளே காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும்.

எப்போது?
புல்லை அறுத்து, தூர் துளிர்க்கத் தொடங்கியதும் ஈர மண்ணில் இடுங்கள். வெயிலில் காய்ந்த மண்மேல் கிடக்கும் யூரியா அம்மோனியாவாகி ஆவியாகும். போட்டதும் லேசாகத் தண்ணீர் பாய்ச்சுங்கள், அல்லது சிறு தூறலுக்கு முன் இடுங்கள். பேகம்பேட்டை வானிலை மையம் கனமழை எச்சரிக்கை விடுத்தால் தள்ளிப்போடுங்கள். கரிசலில் தண்ணீர் தேங்கியிருந்தால் வடித்த பிறகே உரம்.

பயிரைப் பாருங்கள்
அடியிலைகள் நுனியிலிருந்து நடுநரம்பை ஒட்டி மஞ்சளாகி வந்தால் தழைச்சத்துக் குறைவு. இலை கரும்பச்சையாகி, தண்டு வலுவிழந்து சாய்ந்தால் மிகுதி. அப்போது அடுத்த தவணையை நிறுத்துங்கள்.

மூசிக் கரையில்
உப்பல், பீர்சாதிகூடா பக்கம் மூசி ஆற்று நீரில் பாராப்புல் வளர்த்து நகரின் எருமைகளுக்கு விற்பவர்கள் பலர். நகரக் கழிவுநீர் கலந்த அந்த நீரிலேயே தழைச்சத்து ஏராளம். அங்கே யூரியா போட வேண்டாம்.

நைட்ரேட் நஞ்சு
மிகுதியான தழைச்சத்து புல்லின் அடித்தண்டில் நைட்ரேட்டாகச் சேரும். மழை பொய்த்து வாடி, பிறகு ஒரு மழையில் துளிர்க்கும் சோளத்தில் ஆபத்து அதிகம். இளஞ்சோளத்தில் சயனைடு நஞ்சும் உண்டு. பூக்கும் முன் அதை மாட்டுக்குப் போடாதீர்கள். உலர்த்தினால் சயனைடு குறையும், நைட்ரேட் குறையாது. யூரியா இட்ட மூன்று, நான்கு வாரம் கழித்தே புல்லை அறுங்கள். சந்தேகமிருந்தால் அடியில் ஒரு சாண் விட்டு அறுங்கள். தின்ற மாடு மூச்சுத் திணறி, ஈறு பழுப்பேறி, தள்ளாடினால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

யூரியா மூட்டையையும் கரைத்த வாளியையும் மாட்டுக்கு எட்டாமல் வையுங்கள். நக்கினாலே உயிர் போகலாம்.

மண் பரிசோதனைக்கு உங்கள் பகுதி உழவர் மையமான ரைத்து வேதிகாவிலுள்ள வேளாண் விரிவாக்க அலுவலரைக் கேளுங்கள். அடுத்த மூட்டையை அந்த முடிவு வந்த பிறகு வாங்குங்கள்.