ஒளுச் செய்யும் தண்ணீர் யாருடையது?

பாங்கு சொன்னதும் பள்ளிவாசலுக்கு விரைகிறோம். குழாயைத் திறந்துவிட்டுச் சட்டைக் கையை மடிக்கிறோம். அருகிலிருப்பவரிடம் நலம் விசாரிக்கிறோம். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. அது யாருடைய தண்ணீர்?

தொழ வருவோர் ஒளுச் செய்வதற்கென்றே வக்ஃபு செய்யப்பட்ட நீர் அது. மதீனாவில் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி முஸ்லிம்களுக்கு வக்ஃபாக்கிய ஹஸ்ரத் உதுமான் (ரலி) அவர்கள், தம் வாளியையும் மற்றவர் வாளிகளோடு ஒன்றாகவே அதில் இறக்கினார்கள். விலை கொடுத்தவருக்கே ஒரு பங்குதான் என்றால், வெறுங்கையோடு வந்து நிற்கும் நமக்கு?

16-ம் நூற்றாண்டில் பொன்னானி ஸைனுத்தீன் மக்தூம் அவர்கள் எழுதிய 'ஃபத்ஹுல் முயீன்' ஷாபிஈ மதரஸாக்களில் ஓதப்படும் கிதாபு. உறுப்புகளை மும்மூன்று முறை கழுவுவது சுன்னத்து; ஒளுவென்று கருதி அதற்கு மேல் கழுவுவது மக்ரூஹ்; வக்ஃபு நீரிலோ அது ஹராம் என்கிறது அந்நூல். ஹனபி நூலான 'துர்ருல் முக்தா'ரும் வக்ஃபு நீரை விரயம் செய்வது ஹராம் என்றே கூறுகிறது. நான்காம் முறை கழுவுவதற்கே இந்தச் சட்டமென்றால், எந்த உறுப்பிலும் படாமல் சாக்கடைக்குப் போகும் நீரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டுமா?

ஓடும் ஆற்றங்கரையிலும் விரயம் கூடாதென்று ஸஅது (ரலி) அவர்களிடம் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக வரும் ஹதீதை மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். இப்னு மாஜாவிலுள்ள அதன் அறிவிப்புத் தொடர் பலவீனமானது. அதைவிட உறுதியானது புகாரி, முஸ்லிமில் அனஸ் (ரலி) அறிவிப்பது: நாயகம் அவர்கள் ஒரு முத்து நீரில் ஒளுச் செய்வார்கள், ஒரு ஸாவு முதல் ஐந்து முத்து வரையுள்ள நீரில் குளிப்பார்கள். ஒரு முத்து ஷாபிஈ கணக்கில் ஏறக்குறைய முக்கால் லிட்டர். ஹனபி கணக்கில் ஒரு லிட்டர். நான்கு முத்து ஒரு ஸாவு. குளிக்க ஒரு ஸாவு தனக்குப் போதாது என்ற ஒருவரிடம், உம்மைவிட அதிக முடியுடையவரும் உம்மைவிடச் சிறந்தவருமான ஒருவருக்கு அது போதுமாயிருந்தது என்றார்கள் ஜாபிர் (ரலி) அவர்கள்.

சிலர் வீம்புக்காக அல்ல, வஸ்வாஸினால் மீண்டும் மீண்டும் கழுவுகிறார்கள். அவர்களைக் கடிந்து பயனில்லை. சட்டத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். இரண்டா மூன்றா என்று இடையில் ஐயம் வந்தால் இரண்டென்று வைத்து இன்னொரு முறை கழுவலாம். ஒளு முடிந்த பின் வரும் ஐயத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

இன்னொன்று. ஒளுவுக்கென வக்ஃபான நீரைக் குடத்தில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோவதும், அதில் வண்டி கழுவுவதும் கூடா. பள்ளி நிர்வாகிகளும், அவர்கள் வீட்டாரும் இதற்கு விலக்கல்லர்.