வாசனைப் பூச்சும் தோல் ஒவ்வாமையும்

சோப்பு, ஷாம்பு, முகப்பூச்சு, உடல் லோஷன் என நாள்தோறும் பயன்படுத்தும் பலவற்றில் லினலூல் என்னும் நறுமணப் பொருள் கலந்திருக்கிறது. லாவெண்டர் எண்ணெயிலும் கொத்தமல்லி விதை எண்ணெயிலும் இது இயற்கையாகவே மிகுந்துள்ளது. இயற்கையில் கிடைப்பதால் தீங்கற்றது என்று பலர் கருதுகின்றனர். அது முழுவதும் சரியன்று.

புதிய நிலையில் லினலூல் ஒவ்வாமையை உண்டாக்குவது அரிது. ஆனால், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரும்போது அது சிறிது சிறிதாக ஹைட்ரோபெராக்சைடு என்னும் சேர்மங்களாக மாறுகிறது. ஒவ்வாமையைத் தூண்டும் ஆற்றல் இவற்றுக்கே மிகுதி. ஆகவே, திறந்து பல மாதங்களான புட்டி, புதிய புட்டிக்கு நிகரன்று.

"பல ஆண்டுகளாக இதைத்தானே பூசுகிறேன்?" என்று நோயாளிகள் கேட்பதுண்டு. நெடுநாள் பழகிய பொருளுக்கும் ஒவ்வாமை புதிதாகத் தோன்றலாம். தோன்றிய பின் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீடிக்கும்.

அரிப்பும் சிவப்பும் பூசிய உடனே வருவதில்லை. ஓரிரு நாள் கழித்தே வரக்கூடும். இத்தாமதத்தால் பழி வேறொன்றின்மேல் விழுகிறது. புதிய மாத்திரையே காரணம் என எண்ணி, இதய நோய்க்கான மருந்தைக் குடும்பத்தினர் தாமாகவே நிறுத்தினால், அரிப்பினும் பெரிய ஆபத்து நேரலாம். மருந்தாலும் தடிப்பு வரலாம் என்பதால், தொடர்வதா நிறுத்துவதா என்பதை அன்றே மருத்துவரிடம் கேளுங்கள். காய்ச்சல், வாய்ப்புண், தோல் உரிதல், முகவீக்கம், மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

காரணத்தை அறிய ஒட்டுப் பரிசோதனை உதவும். ஐயத்துக்குரிய பொருள்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரத்துக்குப் பின் அகற்றிப் பார்ப்போம். மேலும் இரண்டு நாள் கழித்து மீண்டும் பார்ப்போம். வீட்டில் பயன்படுத்தும் பூச்சுகளை உறையோடு கொண்டுவாருங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில், தோலில் தங்கும் பூச்சுகளில் 0.001 விழுக்காட்டுக்கும், கழுவிவிடும் பொருள்களில் 0.01 விழுக்காட்டுக்கும் மேல் லினலூல் இருந்தால் அதன் பெயரை உறையில் குறிப்பிடவேண்டும். 'பெர்ஃபியூம்' என்று மட்டும் அச்சிட்ட உறையிலிருந்து இதனை அறிய இயலாது.

கவனத்திற்கு:

• புட்டியை இறுக மூடி, வெயிலும் வெப்பமும் படாத இடத்தில் வையுங்கள்.
• திறந்த தேதியைப் புட்டியின்மேல் எழுதுங்கள். உறையில் குறித்த காலம் கடந்தால் பயன்படுத்தாதீர்கள்.
• படுக்கையிலுள்ள நோயாளிக்கும், புண்பட்ட தோலுக்கும் வாசனையற்ற பூச்சே ஏற்றது.

ஒவ்வாமை இல்லாதோர் வாசனைப் பொருள்களைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. அரிப்பு தோன்றினால், உண்ணும் மருந்தோடு பூசும் பொருளையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.