செல்வரின் குறை எது?

சிறுவர்க்கென எழுந்த கதைதானே என்று பெரியோர் ஒதுக்கிவிடும் படைப்புகளிலும் கற்கத் தக்கன உண்டு. ஒரு காலம் எதனைக் குணமென்றும் எதனைக் குற்றமென்றும் கொண்டது என்பதை அவை தெளிவாகக் காட்டும். ஒரே கதைத்தலைவரை முப்பதாண்டு இடைவெளியில் இருமுறை படைத்துக் காட்டிய ‘டக் டேல்ஸ்’ என்னும் அமெரிக்கக் கார்ட்டூன் தொடர் இதற்கு நல்ல சான்றாகும்.

முதல் வடிவம்

கதைத்தலைவர் ஸ்க்ரூஜ் மெக்டக் என்னும் முதிய வாத்து. கார்ல் பார்க்ஸ் என்னும் ஓவியர் 1947-இல் படக்கதைக்காக இவரைப் படைத்தார். வறுமையில் வளர்ந்து, உழைத்துப் பெற்ற முதற்காசைப் போற்றிக் காத்து, பெருஞ்செல்வராக உயர்ந்தவர் இவர். டிஸ்னி நிறுவனம் 1987 முதல் 1990 வரை 100 பகுதிகளாக இவர் கதையை வழங்கியது. 1990-களில் தூர்தர்ஷன் அதனை இந்தியில் ஒளிபரப்பியது.

அத்தொடரில், மருமகன் டொனால்ட் கடற்படையிற் சேரும்பொழுது ஹியூயி, டூயி, லூயி என்னும் மூன்று சிறுவரை ஸ்க்ரூஜிடம் ஒப்படைக்கிறார். ஸ்க்ரூஜின் குணம் உழைப்பு, குற்றம் உலோபம். பொன் நிறைந்த பள்ளத்தாக்கைக் கண்டதும் அவர் அறிவு மயங்கிப் பொன்வெறி கொள்கிறார், பின்னரே தெளிகிறார். பொருளினும் உறவு பெரிது என்பதே அங்கு மீண்டும் மீண்டும் உணர்த்தப்படும் பாடம். அது நல்ல பாடம். எனினும் எளிதில் விளங்குவது.

புதிய வடிவம்

2017 முதல் 2021 வரை மூன்று பருவங்களாக வந்த புதிய தொடர் அவ்வுழைப்பையும் சிக்கனத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, குற்றத்தை மட்டும் இடம் மாற்றியது. குறுக்கு வழியிற் பொருள் தேடும் ஆசை இப்பொழுது சிறுவன் லூயியிடம் காணப்படுகிறது. ஸ்க்ரூஜிடம் இருப்பதோ வேறொரு குறை.

கதை தொடங்கும்பொழுது மாமனும் மருமகனும் பத்தாண்டுகளாகப் பேசிக்கொள்ளவில்லை. காரணம் டெல்லா. இவர் டொனால்டின் இரட்டைச் சகோதரி. மூன்று சிறுவரின் தாய். விண்வெளி செல்ல விழைந்த அவருக்காக ஸ்க்ரூஜ் மறைவாக ஒரு விண்கலம் அமைக்கிறார். அதனை அறிந்த டெல்லா ஒருவரிடமும் கூறாமல் அதிலேறிச் சென்று, விண்வெளிப் புயலிற் சிக்கி மறைகிறார். அவரைத் தேடி ஸ்க்ரூஜ் தம் செல்வத்திற் பெரும்பகுதியையும் செலவழிக்கிறார்.

ஒரு காசையும் வீணாக்காத கை, உறவுக்காக அனைத்தையும் இறைக்கத் துணிந்தது. எனவே இவரை உலோபி என்று சொல்லுதல் இயலாது. ஆயினும் நடந்ததை அவர் சிறுவரிடம் கூறவில்லை. 2018-இல் வந்த பகுதியொன்றில் அவர்கள் உண்மையைத் தாமே துருவிக் கண்டு வினவும்பொழுது, துயரத்தை எடுத்துரைக்க வேண்டிய நாவில் சினம் முந்திக்கொள்கிறது. சிறுவர் வீட்டை விட்டு நீங்குகின்றனர். பணத்தின் நடுவே முதியவர் தனித்திருக்கிறார்.

குணமும் குற்றமும் ஒரு வேரின

‘தன் கையே தனக்குதவி’ என்னும் உறுதிதான் ஸ்க்ரூஜை வறுமையினின்று உயர்த்தியது. அவ்வுறுதியே எல்லை கடந்தபொழுது, தம் தவற்றை ஒப்புக்கொள்ளவும், துயரைப் பகிரவும், பொறுத்தருள வேண்டவும் அவரை விடவில்லை. தற்சார்பு செருக்காகிவிட்டது. பழைய தொடரில் குணமும் குற்றமும் ஒன்றோடொன்று போரிட்டன. புதிய தொடரில் குணமே காவலின்றி வளர்ந்து குற்றமாகியது. பொன்வெறியை எவரும் அடையாளம் காண்பர். நற்குணத்தின் உருவில் வரும் குற்றத்தை அதனை உடையவரே காண்பது அரிது.

இதற்கு மருந்தும் கதையில் உண்டு. பகை சூழ்ந்தபொழுது சிறுவர் திரும்பி வந்து அவருக்குத் துணை நிற்கின்றனர். முதியவரும் அத்துணையை ஏற்கிறார். பின்னர் டெல்லாவும் நிலவிலிருந்து தம் முயற்சியால் மீள்கிறார்.

பிள்ளைகள் அஞ்சுவர் என்று இழப்பை மறைக்கும் இல்லங்கள் பல. ஆனால் மறைக்கப்பட்ட துயரம் பிள்ளையின் கண்ணுக்கு அன்பின்மையாகவே தோன்றும். மறைத்தவரின் நல்லெண்ணத்தை அப்பிள்ளை அறிய வழியில்லை. உண்மையை அவர்தம் வயதுக்கேற்பப் பெரியோரே முதலிற் கூறுதல் நன்று.

சிந்தனைக்கு

1. ஸ்க்ரூஜ் உண்மையை மறைத்தது அன்பாலா, செருக்காலா?
2. ஒருவரிடமும் கூறாமற் சென்ற டெல்லாவுக்கு இதிற் பங்கு எவ்வளவு?
3. நம்மிடமுள்ள நற்குணங்களுள் அளவு மீறிப் பிறரை வருத்துவது எது?

மூன்றாம் வினாவிற்குப் பெற்றோர் முதலில் விடை கூறுக. பிள்ளைகள் பின்னர்க் கூறட்டும்.