நுண்புதைபடிவங்களைக் கொண்டு கடல் பேரழிவை ஆராய்வது எப்படி?

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவின் யுகட்டான் பகுதியில் விண்கல் மோதியபோது, டைனோசர்களோடு கடலின் மிதவை உயிர்களும் பெருமளவில் அழிந்தன. அந்த அழிவைச் சென்டிமீட்டர் கணக்கில் பின்தொடர எலும்புகள் போதாது. ஒரு பிடிக் களிமண்ணில் ஆயிரக்கணக்கில் இருக்கும், ஃபோராமினிஃபெரா எனும் ஒருசெல் உயிரிகளின் ஓடுகள் வேண்டும். துனிசியாவின் எல் கெஃப் பாறைத்தொடரை எடுத்துக்காட்டாகக் கொண்டு, புவியியல் மாணவர்களுக்கான செய்முறை இது.

1. எல்லையை அடையாளம் காணுங்கள். எல் கெஃப்பில் வெளிர்நிறச் சுண்ணக் களிமண்ணின் மேல் கரிய களிமண் படிந்திருக்கிறது. அதன் அடியில் சில மில்லிமீட்டரே தடித்த துருநிறப் படலம் உண்டு. விண்கல்லைக் காட்டிக்கொடுக்கும் இரிடியம் செறிந்திருப்பது அதில்தான். அந்த மோதலோடு கிரெட்டேசியஸ் காலம் முடியும் எல்லைக்கு உலக அளவுகோலாக ஏற்கப்பட்ட இடம் இதுவே.

2. மாதிரி எடுங்கள். முறையான அனுமதி பெற்ற பிறகே பாறையில் கை வையுங்கள். வெயிலும் மழையும் பட்ட மேற்பரப்பைச் சுரண்டி நீக்குங்கள். கீழிருந்து மேலாக எடுத்தால், உதிரும் மண் அடுத்த மாதிரியில் கலக்காது. எல்லையருகே ஓரிரு சென்டிமீட்டருக்கு ஒன்று, விலகிய பின் இடைவெளி கூடலாம். உயரத்தைப் பையிலும் குறிப்பேட்டிலும் எழுதுங்கள்.

3. கழுவுங்கள். உலர்ந்த மண்ணைப் பட்டாணி அளவுக்கு உடைத்து, நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவையுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கரைசல் கடுமையானால் ஓடுகள் சிதையும். பிறகு 63 மைக்ரான் சல்லடையில் மென்மையாக அலசுங்கள்; அதன் கீழே 38 மைக்ரான் சல்லடை ஒன்றும் இருக்கட்டும். பேரழிவுக்குப் பின் முதலில் தோன்றிய இனங்கள் மிகச் சிறியவை. பெரிய சல்லடை மட்டும் வைத்தால் அவற்றில் பல நீரோடு போய்விடும். கடல் உண்மையில் இருந்ததைவிட வெறுமையாகத் தெரியும். ஒவ்வொரு மாதிரிக்கும் முன் சல்லடையை மெத்திலீன் நீலத்தில் நனையுங்கள். முந்தைய மாதிரியின் ஓடு ஒட்டியிருந்தால் நீலமாகிக் காட்டிக்கொடுக்கும்.

4. பொறுக்குங்கள். எச்சத்தை மிதமான சூட்டில் உலர்த்தி, பகுப்பானால் சமமாகப் பிரியுங்கள். நுண்ணோக்கியின் கீழ், ஈரத் தூரிகையால் ஒரு பங்கிலிருந்து சுமார் 300 ஓடுகளை எடுத்து வகைபிரித்து எண்ணுங்கள். மீதியிலும் அரிய இனங்களைத் தேடுங்கள்.

5. இனம் காணுங்கள். ஓட்டின் விளிம்பில் முகடு கொண்ட குளோபோட்ரங்கானா கிரெட்டேசியஸின் அடையாளம். மூவரிசை அறைகள் கொண்ட சிறிய குயெம்பெலிட்ரியா தப்பிப் பிழைத்துப் பெருகியது. பார்வுலாருகோகுளோபிஜெரினா யூகுபினா அடுத்து வந்த பேலியோசீன் காலத்தின் தொடக்கத்தைச் சேர்ந்தது. கடலடி இனங்களையும் தனியே எண்ணுங்கள்; அவற்றில் பெரும்பாலானவை தப்பின. அழிவு கடலின் மேற்பரப்பில்தான் கடுமையாக இருந்தது என்பதற்கு அது சான்று.

6. அவசர முடிவைத் தவிருங்கள். அரிய இனத்தின் கடைசி ஓடு கிடைத்த அடுக்கு, அந்த இனம் அழிந்த அடுக்காக இருக்க வேண்டியதில்லை. இந்தச் சிக்னர்–லிப்ஸ் விளைவால், திடீர் அழிவும் படிப்படியானது போலத் தோன்றலாம். எல்லைக்கு மேலே கிரெட்டேசியஸ் ஓடு கிடைத்தால், அது உயிர்பிழைத்ததா, அரிப்பில் பழைய மண்ணிலிருந்து பெயர்ந்து வந்ததா என்று கேளுங்கள். ஓட்டின் நிறமும் தேய்மானமும் கார்பன் ஐசோடோப்பு விகிதமும் விடை தரும்.

அறிக்கையில் சல்லடை அளவு, மாதிரி இடைவெளி, எண்ணிய ஓடுகளின் தொகை மூன்றையும் தவறாமல் எழுதுங்கள். இவை இல்லாத அட்டவணையை வேறொரு ஊரின் பாறையோடு ஒப்பிட முடியாது. உலகளாவிய அழிவு பற்றிய எந்த முடிவும் அந்த ஒப்பீட்டில்தான் நிற்கிறது.