வால் சக்கர விமானம்

கோவில்பட்டிக் கரிசலில் ஏர் உழுவோன், சால் முடியும்வரை மேழியிலிருந்து கையை எடுப்பதில்லை. அவ்வூரின் அருகே பழைய விமான ஓடுதளம் ஒன்றும் உண்டு. வால் சக்கர விமானத்தை ஓட்டுவோனுக்கும் உழவனது விழிப்பே வேண்டும்.

பெங்களூரில் உருவாகி, 1958-இல் முதன்முதலாகப் பறந்த புஷ்பக் இவ்வகை விமானமே. இதன் எடைமையம் முன்சக்கரங்களுக்குப் பின்னே அமைந்துள்ளது. ஆதலின், தரையில் ஓடுகையில் சிறிது திரும்பினும் வால் சுழன்று முன்னே வர முயலும். விமானம் முற்றும் நிற்கும்வரை விமானி சுக்கானைக் கால்களால் இயக்கியவண்ணம் இருத்தல் வேண்டும்.

பொழுதுபோக்கிற்காக எப்போதேனும் பறப்போர் இத்திறனை எளிதில் இழப்பர். அமெரிக்க விதிப்படி, இதில் பயணியரை ஏற்றிச் செல்வோர் முந்தைய 90 நாள்களுக்குள் மும்முறையேனும் தரையிறங்கி, முழுதும் நிறுத்தியிருத்தல் வேண்டும். உரிமம் கையில் இருப்பினும், பயிற்சி குன்றினால் பழக்கம் காலிலிருந்து நழுவிவிடும் அன்றோ?